வயிறு, குடல் கேன்சர்: "எங்களுக்கென்று தனி மருந்து இருக்கிறதா டாக்டர்?"

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வயிறு, குடல், கணையம், பித்தநாளம் என்று உணவுப் பாதையில் வரும் கேன்சருக்கெல்லாம் ஜீனைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்களாமே, அதில் சுத்தமாகக் குணமாகிறதாமே, எங்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று. சில கடிதங்களில் கோபமே தெரிந்தது. பலருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் ஊர்ப் பெயரோடு எடுத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி "பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி (பெரம்பூர்): அப்பாவுக்கு 61 வயது. இரைப்பையில் கேன்சர், கல்லீரலுக்கும் பரவிவிட்டதாம். உடனே கீமோ ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தால், பயாப்சியில் இன்னும் சில டெஸ்ட் பார்க்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார் டாக்டர். இதற்கிடையில் ஒரு லேப் ஆள் வந்து, நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே தடவையில் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, எடுத்தால் சரியான மருந்து எது என்று தெரிந்துவிடும் என்கிறார். லட்ச ரூபாய்க்கு மேல் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வைக்காதீர்கள்.

டாக்டர் கேட்கிற டெஸ்ட் வேறு, லேப் ஆள் விற்கிற டெஸ்ட் வேறு. டாக்டர் சொன்னது பெரும்பாலும், கேன்சர் செல்லில் உள்ள புரதங்களைப் பார்க்கும் ஹெர்-2, எம்.எம்.ஆர்., பி.டி.-எல்1 என்ற மூன்றாக இருக்கும், சில இடங்களில் கிளாடின் 18.2 என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே எடுத்த பயாப்சித் துண்டு போதுமான அளவு இருந்தால் அதிலேயே சாயம் ஏற்றிப் பார்த்துவிடலாம், அப்பாவுக்கு மறுபடி எண்டோஸ்கோபி தேவைப்படாது. இந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து இருக்கிறது, அதுதான் முக்கியம். இரைப்பைக் கேன்சரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஹெர்-2 அதிகமாக இருக்கும். மார்பகக் கேன்சருக்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியை இவர்களுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த டோகா ஆய்வு 2010-ல் வெளியானது. கீமோ மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 11.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் பாதிப் பேர் 13.8 மாதம் தாண்டி இருந்தார்கள், டெஸ்டில் ஹெர்-2 அதிகமாகத் தெரிந்தவர்களில் அது 16 மாதமாக இருந்தது. குணமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, பரவிய இரைப்பைக் கேன்சரில் அப்படிச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஆனால் அந்தக் கூடுதல் மாதங்கள் உங்கள் அப்பாவுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது இந்தப் பத்து நாள் டெஸ்டில்தான் இருக்கிறது. இந்த ஊசிக்கு இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர்கள் (அதே ஊசிக்கு இணையான, வேறு கம்பெனி தயாரிப்புகள்) வந்து விலையும் இறங்கியிருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பத்து நாள் பொறுப்பதால் கெடுதல் இல்லையா என்றால், சாப்பாடு இறங்குகிறது, ரத்தப்போக்கு இல்லை, ஆள் ஓரளவு தெம்பாக இருக்கிறார் என்றால் பொதுவாக இல்லை. அப்படி இல்லையென்றால் கீமோவை முதலில் ஆரம்பித்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் ஊசியை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் டாக்டருக்கு இது தெரியும். சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியாது.

இப்போது அந்தப் பெரிய டெஸ்ட். லேப் ஆளிடம் ஒன்று கேளுங்கள்: "இதில் வரும் ரிசல்ட்டால் அப்பாவுக்கு இந்த மாதம் கொடுக்கப்போகும் மருந்து மாறுமா? மாறும் என்றால் எந்த மருந்து, அது இங்கே கிடைக்கிறதா, என்ன விலை?" நேராகப் பதில் வராது. பிரான்சில் ஷிவா என்று ஒரு ஆய்வு நடத்தினார்கள் (பெயர் அதுதான், நம் சிவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). வழக்கமான சிகிச்சைகள் கைவிட்ட 195 பேரில் ஒரு பாதிக்கு ஜீன் டெஸ்டில் வந்ததை வைத்து, வேறு கேன்சருக்கான மருந்தைக்கூடத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், மறு பாதிக்கு டாக்டரின் அனுபவப்படி சிகிச்சை. 2015-ல் முடிவு வந்தபோது, கட்டி வளராமல் இருந்த காலம் முதல் குழுவில் 2.3 மாதம், இரண்டாவது குழுவில் 2.0 மாதம். அவ்வளவுதான் வித்தியாசம். ஜீனில் ஒரு கோளாறு கண்ணில் படுவது வேறு, அந்தக் கோளாறுதான் கேன்சரை ஓட்டுகிறது என்பதும் அதை நிறுத்த மருந்து இருக்கிறது என்பதும் வேறு.

பெரிய டெஸ்டே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே கேள்வி பித்தநாளக் கேன்சருக்கு வந்திருந்தால், முடிந்தால் எடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன், ஏனென்றால் அங்கே எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.எச்.1 என்ற ஜீன் கோளாறுகளுக்கு 2020-லிருந்து தனித்தனி மாத்திரைகள் வந்துவிட்டன.

கேள்வி (வேளச்சேரி): நியூயார்க்கில் 12 பேருக்குக் கொடுத்த மருந்தில் 12 பேருக்கும் கேன்சர் மாயமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் மனைவிக்கும் குடல் கேன்சர்தான், அடுத்த வாரம் ஆபரேஷன். நிறுத்திவிட்டு அந்த மருந்துக்கு முயற்சி செய்யட்டுமா?

பதில்: ஆபரேஷனை நீங்களாக நிறுத்தாதீர்கள். செய்தி பொய்யில்லை, பாதிதான் வந்திருக்கிறது. 2022-ல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வு அது. டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம் கொடுத்தார்கள். முதல் 12 பேருக்கும் ஸ்கேனிலும் எண்டோஸ்கோபியிலும் கட்டி தெரியவில்லை, ஆபரேஷனும் ரேடியேஷனும் தேவைப்படவில்லை. ஃபார்வர்டு செய்தவர் விட்டுவிட்டது என்னவென்றால், அத்தனை பேருக்கும் இருந்தது மலக்குடல் கேன்சர், தூரத்து உறுப்புகளுக்குப் பரவாதது, அதிலும் எம்.எம்.ஆர். குறைபாடு உள்ளது. மலக்குடல் கேன்சரில் அந்த வகை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் இருக்கும்.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படி எடுக்கிறது, அதில் பிழை வரும். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர் மாதிரி அந்தப் பிழைகளைத் திருத்த உடம்பில் சில புரதங்கள் உண்டு, அவைதான் எம்.எம்.ஆர். அவை வேலை செய்யாமல் போனால் கேன்சர் செல்லில் பிழை ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும், பார்த்தாலே அந்நியமாகத் தெரியும். நம் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் கேன்சர் அதற்கு ஒரு பிரேக் போட்டு வைத்திருக்கும். இந்த ஊசி அந்த பிரேக்கை எடுத்துவிடுகிறது. பிழை அதிகம் சேராத மற்றக் குடல் கேன்சர்களில் பிரேக்கை எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை, அதனால்தான் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

உங்கள் மனைவியின் பயாப்சியில் எம்.எம்.ஆர். பார்த்தார்களா என்று நாளைக்கே கேளுங்கள். நான்கு புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சாதாரண டெஸ்ட், பெரிய லேப் எதுவும் வேண்டாம். எந்தக் குடல் கேன்சராக இருந்தாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து, இன்னும் பல இடங்களில் கேட்டால்தான் பார்க்கிறார்கள் என்பது வருத்தம். குறைபாடு இருப்பதாக வந்தால், ஆபரேஷனுக்கு முன் இம்யூனோதெரபி கொடுப்பதைப் பற்றி டியூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் சேர்ந்து சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம்) பேசச் சொல்லுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை. இல்லை என்று வந்தால் ஆபரேஷனுக்குப் போங்கள். மலக்குடல் தவிர்த்த பெருங்குடல் கேன்சர், பரவாமல் இருக்கும் நிலையில், நல்ல ஆபரேஷனிலேயே நிறையப் பேருக்குக் குணமாகும் நோய். அது செய்தியில் வராது, அவ்வளவுதான்.

கேள்வி (அண்ணா நகர்): என் கணவருக்கு இரைப்பையில் ஜிஸ்ட் என்ற கட்டி, ஆபரேஷன் ஆகிவிட்டது. கீமோ இல்லாமல் இமாட்டினிப் என்று தினமும் மாத்திரை மட்டும் கொடுக்கிறார்கள், மூன்று வருஷம் சாப்பிடணுமாம். விலை மலிவாக இருப்பதால் எனக்குச் சந்தேகம். இந்தியக் கம்பெனி மாத்திரை வேலை செய்யுமா?

பதில்: வேலை செய்யும் அம்மா, தைரியமாகக் கொடுங்கள். கேட்டதற்கு அதிகமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் நோயின் உள் காரணத்தைப் பார்த்து மருந்து கொடுப்பது என்பதற்கு வயிற்றுப் பகுதியில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை, அதில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒருவகைக் கட்டி, அதற்குக் கீமோ கேட்காது. 1990-கள் வரை, பரவிவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தக் கட்டிகளில் கிட் என்ற ஜீன் கோளாறாகி எப்போதும் 'ஆன்' நிலையிலேயே நிற்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதே சமயத்தில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாட்டினிப், ஆய்வகத்தில் கிட்டையும் அணைப்பது தெரிந்தது. 2000-ல் ஃபின்லாந்தில், வேறு வழியே இல்லாத ஒரு பெண்மணிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்க ஆரம்பித்தன. 2002-லேயே அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதி வந்துவிட்டது.

அடுத்து விலை. இமாட்டினிப்பை நோவார்ட்டிஸ் கம்பெனி விற்ற பெயர் கிளிவெக். அது அப்போது இங்கே மாதம் லட்ச ரூபாய்க்கு மேல், இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து பத்தாயிரத்தை ஒட்டி. கிளிவெக்குக்கான காப்புரிமை விண்ணப்பம் 1998-ல் போடப்பட்டது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான், இப்போது கிண்டியில் இருக்கிறதே, அதே அலுவலகம். 2006 ஜனவரியில் அங்கே நிராகரித்தார்கள், தெரிந்த மருந்தின் புது வடிவம் மட்டும்தான், பலனில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று. அப்படி நிராகரிக்க வழிசெய்த காப்புரிமைச் சட்டப் பிரிவையே எதிர்த்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் கோரிக்கையை ஏற்கவில்லை. உங்கள் வீட்டுக்கு மலிவாக மாத்திரை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கட்டியில் கிட் ஜீனின் எந்த இடத்தில் கோளாறு என்று பார்த்தார்களா? ஜீனின் பகுதிகளை எக்ஸான் என்று எண் போட்டுச் சொல்வார்கள், எக்ஸான் 11 என்றால் 400 மில்லிகிராம் நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால், முக்கியமாக நோய் பரவியிருக்கும்போது, 800 வரை தேவைப்படலாம். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. ஜீனில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இந்த மாத்திரையே கேட்காது, மூன்று வருஷம் சாப்பிட்டும் பயனில்லை. அதனால் இந்த ஒரு டெஸ்டுக்குச் செலவு செய்யலாம், தப்பில்லை. அப்புறம், கண் வீங்குகிறது, கால் வீங்குகிறது என்று நடுவில் அவராக மாத்திரையை நிறுத்தினால் விடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அதற்கு வழி இருக்கிறது.

கேள்வி (மயிலாப்பூர்): எனக்கு 27 வயது. அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடல் கேன்சர், பிழைத்துக்கொண்டார். அத்தைக்குக் கர்ப்பப்பை உள்சுவரில் கேன்சர். தாத்தாவும் 'வயிற்று நோய்' வந்துதான் போனார். ஜீன் டெஸ்ட் எடுக்கலாம் என்றேன், "அது வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும்" என்கிறார் அம்மா.

பதில்: உங்கள் குடும்பக் கதை லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறைச் சந்தேகப்பட வைக்கிறது. நான் மேலே சொன்ன எம்.எம்.ஆர். குறைபாடு சிலருக்குப் பிறவியிலேயே வரும், அதுதான் இது. 1895-ல் அமெரிக்காவில் வார்தின் என்ற நோய்க்குறியியல் நிபுணரிடம் அவருக்குத் துணி தைக்கும் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ கேன்சர் வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படியே கர்ப்பப்பைக் கேன்சரில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1913-ல் எழுதினார். ஜீன் எது என்று கண்டுபிடிக்க இன்னும் எண்பது வருஷம் ஆனது.

முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டியது நீங்கள் இல்லை, அப்பா. கேன்சர் வந்தவரின் ரத்தத்தில் தேடினால்தான் குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது என்று தெளிவாகத் தெரியும். அவருக்கு இருந்தால் உங்களுக்கு வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு, அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடுவதால் உங்கள் டெஸ்டுக்குச் செலவும் குறைவு. உங்களுக்கு இல்லை என்று வந்தால் அந்தக் கவலை அதோடு போயிற்று. இருக்கிறது என்று வந்தால் கொலோனோஸ்கோபியை (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) இப்போதே ஆரம்பித்து ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும், கேன்சராக மாறுவதற்கு முன்பே பாலிப் என்ற சிறு முளைப்பை அங்கேயே எடுத்துவிடலாம். தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டால் லிஞ்ச் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் கேன்சர் குறைகிறது என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த கேப்-2 ஆய்வு காட்டியிருக்கிறது, அளவையும் ஆரம்பிக்கும் வயதையும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

அம்மாவின் பயத்தை நான் கிண்டல் செய்யமாட்டேன், நம் ஊரில் அது நிஜம். ஆனால் ரிப்போர்ட் உங்களுடையது, ஊருக்குக் காட்டக் கடமையில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அவர் அதற்காக விலகினால் விலகட்டும்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையை மலக்குடல் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

கேள்வி (கொளத்தூர்): அம்மாவுக்குக் கேப்சிடபின் மாத்திரை ஆரம்பித்து எட்டாவது நாளே வாயெல்லாம் புண், நிற்காத பேதி, ஐ.சி.யூ. வரை போய் வந்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி அதே மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய் வருகிறார். டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டாரோ?

பதில்: டாக்டரைச் சந்தேகப்படும் முன் டி.பி.டி. என்ற நொதியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கேப்சிடபின் உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ. என்ற கீமோவாக மாறுகிறது, அதை உடைத்து வெளியேற்றுவது இந்த நொதி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு, அப்போது சாதாரண அளவே விஷமாகிவிடும். மருந்தைத் தேர்ந்தெடுப்பது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அளவையும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்பது அதே அளவு முக்கியம். ஐரோப்பிய மருந்து முகமை 2020-லேயே, இந்த மருந்துகளை ஆரம்பிக்கும் முன் டி.பி.டி. பார்க்கச் சொல்லிவிட்டது. இதில் ஒரு சிக்கல், வழக்கமாகத் தேடும் நான்கு ஜீன் மாற்றங்களும் ஐரோப்பியர்களிடம் கண்டவை, நம் மக்களுக்கு வேறு மாற்றங்களும் இருக்கலாம். எனவே 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தாலும் முதல் சுற்றில் கண்காணிப்பு வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்து, அதன்படி மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ சொல்லுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிற மற்றவர்களுக்கு: ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் பேதி போனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். "கோர்ஸை முடித்துவிடலாம்" என்று வைராக்கியம் காட்ட வேண்டாம்.

கேள்வி (தாம்பரம்): குடல் கேன்சர் ஆபரேஷன் ஆனவர்கள் ஆஸ்பிரின் சாப்பிட்டால் திரும்ப வராதாமே?

பதில்: எல்லோருக்கும் இல்லை. ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2025-ல் வெளியான அலாஸ்கா ஆய்வில், கட்டியில் பி.ஐ.3.கே. என்ற, செல் வளர்ச்சியைத் தூண்டும் பாதையின் ஜீன்களில் மாற்றம் இருந்தவர்களுக்குத் தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பத்தில் மூன்று நான்கு பேருக்கு அந்த மாற்றம் இருக்கும். ஜீனைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து என்றாலே லட்சக்கணக்கில்தான் ஆகும் என்பதை உடைத்த ஆய்வு என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தமானது. ஆனால் வயிற்றில் புண், ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆபத்து, கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): கணையக் கேன்சருக்குத் தடுப்பூசி வந்துவிட்டதா?

பதில்: ஆராய்ச்சியில் இருக்கிறது, கடையில் இல்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டியை ஆராய்ந்து, அந்த ஒரு ஆளுக்கென்றே எம்.ஆர்.என்.ஏ. ஊசி தயாரித்தார்கள். 2023-ல் வந்த முதல் அறிக்கையில் 16 பேரில் 8 பேருக்கு எதிர்ப்புச் சக்தி எழுந்தது, அவர்களுக்கு நோய் திரும்புவது தள்ளிப்போனது. அந்த 8 பேர் இயல்பிலேயே தெம்பானவர்களா, ஊசிதான் காரணமா என்பதைப் பெரிய ஆய்வுதான் சொல்லும். இங்கே யாராவது இப்போதே போடுகிறேன் என்று பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

கேள்வி (வியாசர்பாடி): முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். இலவசம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: காப்பீடு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. அது அங்கீகரித்த சிகிச்சைகளுக்கு, எது அடங்கும் என்று ஆரம்பிப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். ஆய்வு வேறு கணக்கு. இந்தியாவில் புது மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டில் படித்த பிள்ளையை விட்டுத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடலாம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வு மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019 விதிகளில் வழி இருக்கிறது. சோதனை மருந்துக்கே பணம் கட்டச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த பயாப்சித் துண்டு) மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு.